முதல் பத்து நிமிடத்தில் கோல் விழுமா? விலைக்கு வந்திருக்கும் ஒரு கேள்வி

கிண்ணியா, மூதூர், தோப்பூர், இலங்கைத்துறை என்று எமது பகுதியில் எங்கே பாடசாலை உதைபந்தாட்டம் நடந்தாலும், "முதல் கோல் யாருக்கு?" என்ற பேச்சு மைதான ஓரத்தில் எழும். ஊகிப்பதில் தவறில்லை. அந்த ஊகத்துக்குக் காசு கட்டும்போதுதான் விடயம் மாறுகிறது. அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவர்களின் போட்டிகள் மீது இன்று அதுதான் நடக்கிறது. அதன் பெயர் 'கணிப்புச் சந்தை'.

கல்ஷி, பொலிமார்க்கெட் போன்ற தளங்களில் ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்வி ஒன்று இருக்கும். 'ஆம்' 60 சதத்துக்கு விற்கப்பட்டால், அது நடக்க 60 சதவீத வாய்ப்பு உண்டெனச் சந்தை கருதுகிறது என்று பொருள். ஒருவர் 60 சதம் கொடுத்து 'ஆம்' வாங்க, மற்றொருவர் 40 சதத்துக்கு 'இல்லை' வாங்குவார். முடிவு யாருக்குச் சாதகமோ அவருக்கு ஒரு டொலர், மற்றவருக்கு ஒன்றுமில்லை. நிறுவனம் கட்டணம் எடுத்துக்கொள்ளும்.

'சந்தை', 'ஒப்பந்தம்', 'முதலீடு' என்ற சொற்களைக் கண்டு ஏமாற வேண்டாம். பங்கு வாங்கினால் அதன் பின்னால் ஒரு தொழில் இருக்கும். இங்கே ஒருவரின் இலாபம் முழுவதும் இன்னொருவரின் நட்டம். இதைத்தான் மார்க்கம் மைஸிர் என்கிறது. அல்குர்ஆனின் 5:90 வசனம் அதை மதுவோடு சேர்த்துத் தடுத்திருக்கிறது.

தேர்தலையோ விளைச்சலையோ முன்கூட்டிக் கணிப்பதால் சமூகத்துக்குப் பயன் உண்டென இச்சந்தைகளை ஆதரிப்போர் வாதிடுகிறார்கள். முதற்பாதியில் யார் முன்னிலை என்பதைக் கணித்து யாருக்கு என்ன பயன்?

ஆபத்தும் இந்த ஆரம்பக் கட்டத்தில்தான் அதிகம். முழுப் போட்டியின் முடிவை மாற்றப் பலர் சேர வேண்டும். ஓர் ஓவரை மாற்ற ஒரு பிள்ளை போதும். 2010இல் லோர்ட்ஸ் மைதானத்தில், மூன்றாவது ஓவரின் முதற்பந்தை முன்கூட்டியே பேசியபடி 'நோ போல்' ஆக வீசியபோது பாகிஸ்தானின் முஹம்மது ஆமிருக்கு வயது 18. அவருக்கு ஐந்தாண்டுத் தடையும் ஆறு மாதச் சிறைத்தண்டனையும் கிடைத்தன.

2026 ஜனவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், கூடைப்பந்துப் போட்டிகளை முறைகேடாக மாற்றியதாக 26 பேர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. அந்தப் பந்தயங்கள் வழமையான பந்தய நிறுவனங்களில் கட்டப்பட்டவை. பல்கலைக்கழக வீரர்களுக்கு ஒரு போட்டிக்கு 10,000 முதல் 30,000 டொலர் வரை கொடுக்கப்பட்டதாகவும், பல தடவை குறிவைக்கப்பட்டது முதற்பாதிப் புள்ளிகளே என்றும் வழக்குத்தொடுநர்கள் கூறுகின்றனர்.

இது தூரத்துக் கதையல்ல. கையடக்கத் தொலைபேசிக்குக் கடல் தடையில்லை. இலங்கையின் 2019ஆம் ஆண்டு 24ஆம் இலக்க விளையாட்டுத் தவறுகளைத் தடுக்கும் சட்டத்தின்படி, ஆட்டத்தை மாற்றுவது மட்டுமன்றி, பந்தயத்துக்காக அணியின் உள்தகவலைக் கொடுப்பதும் குற்றம். பத்தாண்டு வரை சிறை செல்ல நேரலாம்.

ஆகவே பெற்றோரும் பயிற்றுநர்களும் பிள்ளைகளிடம் இரண்டு விடயங்களைச் சொல்லி வைப்போம். 'கணிப்பு' என்ற பெயரில் வந்தாலும் சூது சூதுதான். "நாளைக்கு யார் முதல் ஓவர் போடுவார்?" என்று அறிமுகமில்லாத ஒருவர் கேட்டால், பதில் சொல்லாமல் ஆசிரியரிடம் வந்து சொல்ல வேண்டும். பிள்ளையின் விளையாட்டு பிள்ளையுடையதாகவே இருக்கட்டும்.