ஆட்களை நடத்தும் உத்தியோகமும் வியாபாரப் பட்டமும்

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வேளாண்மை ஒன்றையே நம்பி ஒரு குடும்பம் பிழைப்பது வரவரக் கடினமாகி வருகிறது. நெல்லும் மணிலாவும் விளையும் இப்பூமியிலிருந்து வாலிபர்களும் யுவதிகளும் செய்யாறு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் முதலிய இடங்களிலுள்ள யந்திரசாலைகளை நாடிச் செல்கின்றனர். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அரசாங்கக் கல்லூரிகளில் படித்துத் தேறியவர்களில் சிலர், அந்த யந்திரசாலைகளில் ஆட்களைச் சேர்த்து, அவர்களுடைய சம்பளம், விடுமுறை, குறைகள் ஆகியவற்றைக் கவனிக்கும் உத்தியோகத்தை விரும்புகின்றனர். முன்னர் தொழிலாளர் நல அதிகாரி என்றும், பர்ஸனல் ஆபீஸர் என்றும் வழங்கிய அவ்வுத்தியோகம் இந்நாளில் மனிதவளத்துறை, எச்.ஆர். என்னும் பெயர்களால் அறியப்படுகிறது. எம்.பி.ஏ. என்ற வியாபார நிர்வாகப் பட்டம் பெறாதவர் அத்துறையில் கால் வைக்கவே முடியாது என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது.

இதனை அற்ப விஷயமென்று தள்ளிவிடலாகாது. தனியார் கல்லூரிகளில் அப்பட்டத்திற்கு லட்சக்கணக்கில் செலவாகிறது. இருக்கிற காணியை அடகு வைத்தும், பாங்கியில் கடன் வாங்கியும் பெற்றோர் அச்செலவை ஏற்கின்றனர். பட்டம் கைக்கு வந்த பிறகு கிடைக்கும் சம்பளம் வட்டிக்கே போதாமற் போனால், நஷ்டம் அவ்வாலிபனோடு நிற்பதில்லை. தங்கையின் படிப்பும், தம்பியின் பங்கு நிலமும் அதனுடன் போகின்றன. எனவே நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இவ்வுத்தியோகத்திற்குப் படிப்பு அவசியம். தொழிலாளர் சட்டத்தில் தேர்ச்சி மிக மிக அவசியம். வியாபாரப் பட்டமே வேண்டுமென்பது அவசியமன்று.

இவ்வுத்தியோகம் பிறந்த வரலாற்றைப் பார்த்தால் உண்மை விளங்கும். 1908-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை எம்.பி.ஏ. வகுப்பைத் தொடங்கிற்று. அதே ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கு வழிகாட்டிய ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை ஒரு வக்கீல். அவருடன் நின்ற சுப்பிரமணிய சிவா ஒரு சந்நியாசி போன்றவர். ஆலைச் சொந்தக்காரர்கள் இறங்கி வந்தனர். தொழிலாளியை நடத்தும் முறை என்ற ஒன்று உண்டு என்பதை இந்நாட்டு முதலாளிகளுக்குக் கற்பித்தவர்கள் இத்தகையோரேயன்றி எந்தக் கல்லூரியுமன்று. 1918 ஏப்ரலில் சென்னையில் பி. பி. வாடியா, திரு. வி. க. முதலியோர் நிறுவிய சென்னைத் தொழிலாளர் சங்கமும் அப்பாடத்தையே மீண்டும் புகட்டிற்று.

அக்காலத்து ஆலைகளில் ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் மேஸ்திரிகளின் கையில் இருந்தன. மேஸ்திரிக்குக் கையூட்டுக் கொடாதவனுக்கு வேலை இல்லை. 1929-இல் விட்லி துரையின் தலைமையில் நியமிக்கப்பட்ட ராயல் தொழிலாளர் கமிஷன், 1931-இல் வெளியிட்ட தன் அறிக்கையில் இந்த அநீதியை எடுத்துக்காட்டி, ஆள் சேர்க்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து எடுத்து ஒரு தொழிலாளர் அதிகாரியிடம் ஒப்புவிக்க வேண்டுமென்று சிபார்சு செய்தது. இன்று எச்.ஆர். என்று வழங்கும் நாற்காலிக்கு இந்தியாவில் அடித்தளம் இதுவே. ஏழையின் குறையைக் கேட்க நாணயமுள்ள ஒருவர் வேண்டும் என்பதே அதன் கருத்து.

சுதந்திரம் வந்தபின், 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் நல அதிகாரியை நியமிக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. அதனை ஒட்டி எழுந்த விதிகள் பொதுவாகக் கோரிய தகுதிகள் மூன்று: ஒரு சர்வகலாசாலைப் பட்டம், சமூக சேவை அல்லது சமூக நலத்தில் ஒரு பட்டமோ டிப்ளோமாவோ, தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் பாஷையில் போதிய ஞானம். மூன்றாவது தகுதியை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம். செஞ்சியிலிருந்து வரும் பெண்ணின் குறையை அவளது தமிழிலேயே கேட்டறியக்கூடியவரைச் சட்டம் தேடிற்று.

கல்வி நிலையங்களின் கதையும் இதுவே. 1936-இல் பம்பாயில் தொடங்கிய டாட்டா நிலையம் சமூக சேவையைக் கற்பிக்கும் பள்ளியாகவே பிறந்தது. 1949-இல் ஜாம்ஷெட்பூரில் ஏசு சபையார் ஸ்தாபித்த நிலையத்தின் பெயரே சேவியர் தொழிலாளர் உறவு நிலையம் என்பது. 1952-இல் ஸ்ரீமதி மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சென்னைச் சமூகப் பணிப் பள்ளி ஏற்பட்டது. கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய நிர்வாகவியல் நிலையங்கள் தோன்றியது 1961-இல்தான். வியாபாரப் பட்டம் இவ்வீட்டிற்குப் பின்னால் வந்த விருந்தாளி. இன்று அதுவே வீட்டுக்காரர்போல் வாசலில் நின்று மற்றவர்களை விசாரிக்கிறது.

எதிர்க்கட்சியார் சொல்வதையும் நாம் மறைக்கப்போவதில்லை. பெரிய கம்பெனிகள் பலவும் தங்கள் மனிதவளத்துறைக்குப் பேர்போன நிர்வாகக் கல்லூரிகளுக்கே சென்று ஆள் எடுக்கின்றன. உயர்ந்த பதவிகளுக்கு அப்பட்டம் விரைவில் வழி திறப்பதும் உண்மையே. கணக்கு, வரவு செலவுத் திட்டம், கம்பெனியின் வியாபாரப் போக்கு ஆகியவற்றை அறிந்தவனுடைய யோசனைக்கு முதலாளியிடம் மதிப்பு அதிகம். சிறந்த கல்லூரியில், தகுதியால் இடம் பெற்று, உபகாரச் சம்பளத்துடன் படிக்கக் கூடியவன் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால், ஊர் பேர் தெரியாத கல்லூரியில் நிலத்தை விற்று வாங்கும் பட்டத்திற்கு அந்த மதிப்பு கிடைப்பதில்லை. இரண்டிற்கும் பெயர் ஒன்றாயிருப்பதே நம் ஜனங்களை ஏமாற்றுகிறது.

வேலையின் தன்மையையும் பார்ப்போம். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றனர். பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். இவ்வளவு பெரிய கம்பெனிகளில் பட்டதாரிகளுக்குப் பஞ்சமிருந்திருக்க முடியாது. விடுதிச் சமையலறைக்குள் போய்ப் பார்க்கும் வழக்கமும், பிணக்கு முற்றுமுன் தொழிலாளியுடன் உட்கார்ந்து பேசும் பொறுமையும் பட்டத்துடன் தாமாக வந்துவிடுவதில்லை.

சட்டமோ அண்மையில் புதிதாகிவிட்டது. 29 தொழிலாளர் சட்டங்களைத் திரட்டிப் பாராளுமன்றம் 2019, 2020-ஆம் ஆண்டுகளில் இயற்றிய நான்கு தொகுப்புகள் 2025 நவம்பரில் அமுலுக்கு வந்தன. நல அதிகாரியை நியமிக்க வேண்டிய வரம்பு இவற்றில் 500 பேரிலிருந்து 250 பேராகக் குறைந்திருக்கிறது. சம்பளம், சேமநல நிதி, பணிக்கொடை ஆகியவற்றின் விதிகளைப் பழைய பட்டதாரியும் புதிதாகவே படிக்க வேண்டும். இன்று ஊன்றிப் படிக்கிற செஞ்சி வாலிபன், பத்தாண்டு முன்னர் எம்.பி.ஏ. முடித்தவனுடன் இவ்விஷயத்தில் சரிசமமாக நிற்கலாம். இத்தகைய வாய்ப்பு அடிக்கடி வருவதன்று.

ஆகையால் வாலிபர்களுக்கு நாம் கூறும் யோசனை இது. முதலில் எந்தப் பாடத்திலேனும் ஒரு பட்டத்தை நன்றாகப் பெறுங்கள். பிறகு சமூகப் பணியிலோ, தொழிலாளர் மேலாண்மையிலோ, தொழிலாளர் சட்டத்திலோ குறைந்த செலவில் தேர்ச்சி அடையுங்கள். சென்னையில் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் இதற்கென்றே இருக்கிறது. ஆலையின் நேரக் கணக்கு ஆபீஸிலும், சம்பளப் பட்டியல் குமாஸ்தாவாகவும் தொடங்குவதை இழிவென்று கருதாதீர்கள். வருகைப் பதிவும் கூலிக் கணக்கும் தெரிந்தவனிடம் தொழிலாளி தானே வந்து குறை சொல்வான். இரண்டு மூன்று வருஷ அனுபவத்திற்குப் பின், உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில், தேவையென்று தோன்றினால் அந்த வியாபாரப் பட்டத்தையும் பெறலாம்.

முதலாளிமார்களையும் ஒன்று கேட்கிறோம். சட்டம் கோராத பட்டத்தை விளம்பரத்தில் கோரி, தொழிலாளியின் பாஷையும் வாழ்க்கையும் அறிந்த கிராமத்துப் பட்டதாரிகளை வாசலிலேயே திருப்பி அனுப்புவதனால் உங்களுக்கு என்ன லாபம்? அரசாங்கத்தாரும் தொழிலாளர் சட்ட வகுப்புகளைச் சென்னையோடு நிறுத்தாமல் விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளில் மாலை நேரத்தில் நடத்த முன்வர வேண்டும். ஏழைக் குடும்பம் காணியை இழக்காமல் முன்னேற இதைவிடச் சுலபமான உதவி இல்லை.

ஆட்களை நடத்தும் கலை செஞ்சிக்குப் புதிதன்று. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டபோது, முற்றுகையிட்டவர்களுக்குள்ளேயே பிணக்கு மூண்டு, இளவரசர் காம்பக்ஷைத் தம் படைத் தலைவர்களே காவலில் வைக்க நேர்ந்தது. அங்கே ஒற்றுமைக்குக் குறைவு இருந்தது. கோட்டைக்குள்ளோ, வீரர்களின் வயிற்றைக் காக்கக் கட்டிய நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அங்கீகரித்த இக்கோட்டையைப் பார்க்க அந்நியர் பலர் வருவார்கள். இதன் நிழலில் பிறந்த வாலிபர்கள், மனிதரை மனிதராக மதித்து வேலை வாங்கும் திறமையைத் தங்களிடமே தேடிக் காண்பார்களாக.