உங்களுக்குத் தெரியுமா? – வெள்ளிக்கிழமைப் பாட்டு

● சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய நாள் 1975 ஆகஸ்ட் 15. அதன் நிகழ்ச்சிகளில் நிலமே இல்லாதவர்கள்கூட ‘வயலும் வாழ்வும்’ என்ற விவசாய நிகழ்ச்சியைப் பார்த்தார்கள் என்றால், டி.வி.யை அணைக்க மனம் வராததுதான் காரணம். ஆனால் தெருவே காலியானது ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சிக்குத்தான். வெள்ளிக்கிழமை, அரை மணி நேரம், விளம்பரம் போக அஞ்சாறு சினிமாப் பாட்டு, அவ்வளவே. கறுப்பு வெள்ளைப் பாட்டு ஒன்று நடுவில் வந்தால் சிறுசுகள் முணுமுணுக்கும். பெரிசுகள் நிமிர்ந்து உட்காரும். புதுப்படப் பாட்டைக் கடைசியில் போடுவார்கள் என்ற நம்பிக்கையில் யாரும் எழுந்து போவதில்லை.

● அந்த அரை மணி நேரம் புதுச்சேரிக்காரர்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. சென்னை இங்கிருந்து சாலை வழியே சுமார் 150 கி.மீ. டி.வி. அலையோ ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவது. பூமியின் வளைவைத் தாண்டி இவ்வளவு தூரம் வரும்போது இளைத்துப்போய்விடும். உயரமான குழாயில் ஆன்டெனா, கூடவே ஒரு பூஸ்டர் என்று வைத்தால்தான் படம் தெளியும். ஒருவர் மொட்டைமாடியில் குழாயைத் திருப்ப, கீழேயிருந்து இன்னொருவர் “இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!” என்று கத்த வேண்டும். அதற்குள் முதல் பாட்டு முடிந்திருக்கும்.

● “பாரிஸில் மாமா இருக்கிறார், ஒரு டி.வி. கொண்டுவரச் சொல்லலாமே” என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்கும் ‘சொல்தா’ குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. பிரான்சிலிருந்து வாசனைத் திரவியமும் சாக்லேட்டும் வரும். ஆனால் அந்த நாட்டுக்கென்றே செய்த டி.வி. இங்கே உதவாது. 1982இல் இந்தியாவுக்கு வந்த வண்ண ஒளிபரப்பு ‘பால்’ முறையில் அமைந்தது. பிரான்சில் இருந்ததோ ‘செக்காம்’. வண்ணம் மட்டும் மாறுபட்டால் கறுப்பு வெள்ளையிலாவது பார்த்துக்கொள்ளலாம். வில்லங்கம் அதோடு நிற்கவில்லை: படத்தை அலையில் ஏற்றும் விதமே பிரான்சில் நேர்மாறு. இங்கே வெளிச்சம் கூடினால் அலையின் வலிமை குறையும், அங்கே கூடும். ஒலியும் அங்கே ஏ.எம்., இங்கே எஃப்.எம். ஆக, படமும் ஒழுங்காக வராது, பாட்டும் கேட்காது. பல முறைகளையும் ஏற்கும் ‘மல்டி சிஸ்டம்’ டி.வி. வாங்கியவர்கள் தப்பித்தார்கள்.

வீடியோ கேசட்டிலும் இதே கதைதான், கொஞ்சம் கருணையோடு. மிஷேல் துருக்கேர் 1982 முதல் 1990 வரை பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் நடத்திய ‘ஷான்ஸெலிஸே’ பாட்டுக் கச்சேரியை அங்கே பதிவுசெய்து அனுப்பினால், பால் முறை டெக்கில் ஓடும். ஆனால் கறுப்பு வெள்ளையில். பாரிஸின் ஜிகினா உடுப்பெல்லாம் சாம்பல் நிறத்தில்!

● புதுச்சேரி ஒன்றியப் பகுதி ஒரே ஆட்சிதான். பாட்டு நிகழ்ச்சியோ அந்நாளில் மூன்று மொழியில். புதுவைக்கும் காரைக்காலுக்கும் ‘ஒளியும் ஒலியும்’. ஏனாம்காரர்களின் தெலுங்குக்கு ஐதராபாத்தின் ‘சித்ரலஹரி’. மாஹேயின் மலையாளத்துக்குத் திருவனந்தபுரத்தின் ‘சித்ரகீதம்’. இவை எல்லாவற்றுக்கும் டெல்லியில் ஓர் அக்கா உண்டு: இந்தி ‘சித்ரஹார்’. காரைக்கால், நாகைக் கரையோரத்துக்காரர்களுக்கு இன்னோர் அதிர்ஷ்டமும் இருந்தது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் தொடங்கிய ரூபவாஹினியைக் கடல் தாண்டிப் பிடித்துவிடுவார்கள்.

● இலங்கையிலிருந்து பாட்டு வருவது அப்போதே பழங்கதை. மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று 1952இல் அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஓரங்கட்டினார். நேயர்கள் திருந்தவில்லை; ரேடியோ சிலோனுக்கு முள்ளைத் திருப்பினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ அங்கே தொடங்கி நாட்டையே கட்டிப்போட்டது. தமிழ்ப் பக்கம் மயில்வாகனனின் குரல். டெல்லி இறங்கிவந்து விவித பாரதியைத் தொடங்க 1957 ஆனது. கேஸ்கர் தடை போட்டபோது புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இந்திய அரசின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1இல்தான். ஆனால், இருபுறத்து நேயர்களையும் காப்பாற்றியது அதே கொழும்புதான்.

● எல்லா வீட்டுக்கும் டி.வி. வராத காலத்திலேயே பாட்டைப் ‘பார்க்க’ பிரான்சில் ஒரு பெட்டி இருந்தது. பெயர் ‘ஸ்கோபிடோன்’. 1960இல் வந்தது. காபிக்கடையில் நின்றிருக்கும் அதில் காசு போட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுத்தால், 16 மி.மீ. படச்சுருள் ஓடிப் பாடகர் ஆடிப்பாடுவார்.

● பிரிட்டனின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ 1964 ஜனவரி 1 அன்று மான்செஸ்டரில், பழைய தேவாலயம் ஒன்றை மாற்றியமைத்த ஸ்டூடியோவில் பிறந்தது. அதில் தோன்றிய பாடகர்கள் பலர் உண்மையில் பாடவில்லை. இசைத்தட்டு ஓட, வாயை மட்டும் அசைத்தார்கள். அங்கே அது காலமெல்லாம் சர்ச்சை. பின்னணிப் பாடலில் வளர்ந்த நமக்கு இதில் என்ன தப்பென்றே புரியாது.

● அந்நாளில் அரசு துக்கம் அனுசரித்தால் தூர்தர்ஷனில் கேளிக்கை நிகழ்ச்சிகள் நின்று, சோக வாத்திய இசை வந்துவிடும். காலண்டரைப் பாருங்கள்: இந்திரா காந்தி கொல்லப்பட்டது 1984 அக்டோபர் 31, புதன். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24, வியாழன். ராஜீவ் காந்தியின் இறுதிச் சடங்கு 1991 மே 24, வெள்ளியேதான். மூன்று துக்கமும் வெள்ளிக்கிழமையை விட்டுவைக்கவில்லை.

● 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. வந்ததும் வெள்ளிக்கிழமைக்கு மவுசு குறைந்தது. ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’ நிகழ்ச்சியில் தொகுப்பாளர் உமாவிடம் போனில் பேசிப் பிடித்த பாட்டைக் கேட்க முடிந்தது. புதுச்சேரியிலிருந்து கூப்பிட 044 சுழற்ற வேண்டியிருந்தது, எஸ்.டி.டி. கட்டணம். பாட்டு கிடைக்கிறதோ இல்லையோ, ‘எங்கேஜ்டு’ சத்தம் உறுதி. இலங்கை வானொலியில் பெயர்பெற்ற ‘பாட்டுக்குப் பாட்டு’ம் பி.எச். அப்துல் ஹமீதோடு சன் டி.வி.க்கு வந்தது.

● ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ வாராந்திர ஒளிபரப்பை பி.பி.சி. 2006 ஜூலை 30 அன்று முடித்துக்கொண்டது. விஜய் டி.வி.யின் ‘சூப்பர் சிங்கர்’ தொடங்கியதும் அதே 2006இல்தான். முதல் பட்டம் நிகில் மாத்யூவுக்கு. நேயர்கள் இப்போது பாட்டைக் கேட்டு வாங்குவதில்லை. பாடுகிறவருக்கு ஓட்டுப் போடுகிறார்கள்.