ஆட்டுக்குட்டிக்கு வயிறு வளர்க்கும் கிருமிகள்!

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது பாலவனத்தம். மழையை நம்பிய வறண்ட சீமை. வெள்ளாமை பொய்த்த வருஷத்தில் இங்கே பல குடும்பங்களுக்குக் கைகொடுப்பது ஆடுதான். குட்டி பிழைத்தால் வீட்டில் அடுப்பு எரியும்.

அந்தக் குட்டியை ஆளாக்குவதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கும் பங்கு உண்டு. கிருமி என்றாலே நோய் என்று பயப்படுகிறோம். இவை நல்ல கிருமிகள்!

நான்கு அறை வயிறு

ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள். வளர்ந்த ஆட்டுக்கு முதல் அறைதான் பெரியது. தின்ற தழை அங்கேதான் ஊறும். பிறந்த குட்டிக்கோ அந்த அறை சிறுத்துக் கிடக்கும். குடிக்கும் பால் அதற்குள் போகாமல், வாய்க்கால் போன்ற ஒரு மடிப்பு வழியாக நான்காவது அறைக்குப் போய்விடும்.

குடியேறும் கிருமிகள்

தாயின் எச்சில், மடி, மண், தழை இவற்றிலிருந்து கிருமிகள் குட்டியின் வயிற்றில் குடியேறுகின்றன. இரண்டாவது வாரத்தில் குட்டி கொழுந்தைக் கொறிக்கும். இட்லி மாவு புளிப்பதுபோல், கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும். அதில் உண்டாகும் அமிலங்களே ஆட்டுக்கு உணவு. அறையின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் சிறு முளைகளை வளர்ப்பவையும் அவைதான்!

மாட்டுக்கும் இதே வயிறுதான். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கன்றுகளிடம் இதைச் சோதித்தார்கள். வயிற்றில் பிளாஸ்டிக் பஞ்சை வைத்தபோது அறை பெருத்தது, முளைகள் வளரவில்லை. அந்த அமிலங்களின் உப்பைச் செலுத்தியபோது முளைகள் வளர்ந்தன!

சுமார் எட்டு வாரத்தில் அறை நன்றாக வேலை செய்யத் தொடங்கும். பிறகு, அந்த வயிற்று நீரின் ஒரு சொட்டில் பல கோடிக் கிருமிகள் வாழும்.

என்ன செய்யலாம்?

குட்டி பிறந்ததும் தாமதிக்காமல் சீம்பால் குடிக்கவிடுங்கள். தாயை இழந்த குட்டிக்குப் புட்டிப்பால் மட்டும் போதாது. இரண்டாவது வாரம் முதல் இளந்தழையை எட்டும்படி கட்டுங்கள். நோயில்லாத பெரிய ஆடுகளோடு பழகவிடுங்கள். புரோட்டோசோவா என்னும் நுண்ணுயிர்கள் அப்படிப் பழகினால்தான் தொற்றும்.

கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கிருமிக்கொல்லி மருந்து புகட்டாதீர்கள். நல்ல கிருமிகளும் சேர்ந்து செத்துப்போகும்.

சாயங்காலம் குட்டியின் வாயைக் கவனியுங்கள். படுத்தபடி அசைபோடுகிறதா? கிருமிகள் தங்கள் வேலையைத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம்!