மலைநாட்டு நீர்த்தேக்கமும் பழைய படகு எஞ்சினும்

மலையகம் என்றதும் தேயிலைச் சரிவுகளும் பனிமூட்டமுமே மனக்கண்முன் தோன்றும், படகு தோன்றுவதில்லை. ஆயினும், இம்மலைகளுக்கிடையே பெரிய நீர்ப்பரப்புகள் உள்ளன. நுவரெலியாவில் 1873ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வாவி, அக்காலத் தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் பெயரால் இன்றும் வழங்குகின்றது. ஹற்றனுக்கு அப்பால், கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் மின்னாக்கத்தின் பொருட்டு எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலையின் நீருள் மூழ்கிற்று. இத்தகைய நீர்த்தேக்கங்களில் மறுகரைக்கு மலையைச் சுற்றிச் செல்லும் வழி நீண்டது. நீரின் குறுக்கே செல்லும் வழி குறுகியது. ஆகவே, மீன் பிடிப்போரும் கரை கடப்போரும் படகை நாடுவது இயல்பே.

துடுப்பு வலித்துக் களைத்தவர் எஞ்சினை விரும்புவார். படகின் பின்புறத்தில் தொங்கவிடப்படும் இவ்வெளியிணைப்பு எஞ்சினை, நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஒலே எவின்றூட் என்பார் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மேலே எஞ்சின், நடுவே நீண்ட தண்டு, அடியிற் பற்சில்லுப் பெட்டியும் சுழல்விசிறியும் என்பதே இதன் அமைப்பு. புதியதன் விலை எளிய குடும்பத்துக்கு எட்டாது. எனவே கடற்கரையில் உழைத்த பழைய எஞ்சினை வாங்க எண்ணுவோர் பலர். அதற்குக் கொடுக்கும் பணமோ பல மாதச் சேமிப்பு. அன்றியும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் நடுநீரில் எஞ்சின் நின்றுவிடின், இழப்பு பணத்தோடு முடியாது. ஆதலின் முதலிற் சோதனை, பின்னரே விலை என்பது விதியாதல் வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதனைப் பார்வையிடல் வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பின், ஆறும்வரை காத்திருத்தல் நன்று. சூடான எஞ்சின் எளிதிற் கிளம்பித் தன் குறையை மறைத்துவிடும். முதலில் அதன் தொடரிலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் ஒப்பிட வேண்டும். இலக்கம் சுரண்டப்பட்ட எஞ்சின் எவ்வளவு மலிவாயினும் வேண்டா. மேலுறையைக் கழற்றி, உப்புநீர் அரித்த தடங்களைத் தேட வேண்டும். பற்சில்லுப் பெட்டியின் அடித்திருகைத் தளர்த்திச் சிறிது எண்ணெயை வடித்தால் உண்மை தெரியும். அது பால்போல் வெளுத்திருப்பின் உள்ளே நீர் புகுந்துள்ளது. உலோகத் துகள் மின்னுமாயின் பற்கள் தேய்ந்துள்ளன.

அடுத்து, எஞ்சின் இயங்குவதற்கு இன்றியமையாதவை மூன்று: அமுக்கம், தீப்பொறி, எரிபொருள். இவற்றை ஒவ்வொன்றாகச் சோதிப்பவர் பழுதைக் காண்பார். எல்லாவற்றையும் ஒருங்கே கழற்றுபவர் புதுப் பழுதை உண்டாக்குவார்.

அமுக்கத்தை அளவுமானியாற் காணலாம். இரண்டு சிலிண்டர்கள் உள்ள எஞ்சினில் ஒன்றன் அளவு மற்றதைவிடப் பத்திலொரு பங்குக்கு மேற் குறைந்திருப்பின் ஐயம் கொள்ள வேண்டும். பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம், சிலிண்டர் கீறுண்டிருக்கலாம். இது பெருஞ்செலவு வைக்கும் பழுது.

தீப்பொறியைக் காண, பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியை மாட்டியபடியே எஞ்சினின் உலோகத்தில் நன்கு பொருந்தவைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். அருகிற் பெற்றோல் ஆவி இருத்தல் ஆகாது. நீலநிறமான வலிய பொறி நல்லது. மங்கிய மஞ்சட் பொறி போதாது. பொறியே இல்லையெனில், அவசர நிறுத்தக் கயிற்றின் பிடி தன் இடத்தில் உள்ளதா என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும். அச்சிறு பிடி கழன்றிருப்பதை அறியாமல் எஞ்சினையே பிரித்தவர்களும் உண்டு. பிளக்கின் முகமும் ஒரு சாட்சியே. நனைந்து கறுத்திருப்பின் எரிபொருள் மிகுதி. பலமுறை இழுத்தும் உலர்ந்திருப்பின் எரிபொருள் வரவில்லை. நீர்த்துளி படிந்திருப்பின் தலைப்பகுதிக் கேஸ்கட் பழுதுபட்டிருக்கலாம்.

எரிபொருளைப் பொறுத்தவரை, நெடுநாள் கிடந்த பெற்றோலை அகற்றிப் புதியதை ஊற்றுவதே முதல் மருந்து. ஈரடி எஞ்சினாயின் பெற்றோலுடன் எண்ணெய் கலத்தல் வேண்டும். பல எஞ்சின்களுக்கு 50 பங்குக்கு 1 பங்கு, அதாவது 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் போதும். பழையன சில இதனினும் கூடுதலாய்க் கேட்கும். உற்பத்தியாளர் கூறிய அளவே முடிவானது. மண்ணெண்ணெயில் ஓடும் வகையைப் பெற்றோலிற் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும்.

இனி ஓட்டிப் பார்க்கும் சோதனை. இவ்வெஞ்சினை நீரின்றி ஓட்டலாகாது. தண்ணீர்ப் பம்பியின் இறப்பர்ச் சில்லு சொற்ப நேரத்திற் கருகிவிடும். சுழல்விசிறியைக் கழற்றிவிட்டு, நீர் நிறைந்த பெரிய பீப்பாயில் அடிப்பாகத்தை அமிழ்த்தி, திறந்த வெளியில் மெதுவாக ஓட்ட வேண்டும். பின்புறத் துளையிலிருந்து நீர் விடாது பீச்சுகின்றதா என நோக்க வேண்டும். நீர் வாராவிடின் உடனே நிறுத்துதல் கடன். அத்துளையில் மணல் அடைத்திருக்கலாம்; அன்றேல் இறப்பர்ச் சில்லு தேய்ந்திருக்கலாம். இப்பழுது சிறிதே, அதனைக் கவனியாமல் ஓட்டுவதால் நேரும் அழிவு பெரிது.

பீப்பாயில் இனிதாய் ஓடிய எஞ்சின் சுமையிழுக்கும் என்பது உறுதியன்று. சுழல்விசிறியைப் பூட்டிப் படகிற் பொருத்தி, முதலில் வலிய கயிற்றாற் கரையிற் கட்டியும், பின்னர்க் கரையோரமாகவும் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். குளிர்ந்தபோது நல்ல பொறி தந்த மின்சுருள், சூடேறியபின் செயலற்றுப்போவதுண்டு. வேகத்தைக் கூட்டும்போது எஞ்சின் தளர்ந்து, எரிபொருட் குழாயிலுள்ள இறப்பர்க் குமிழை அமுக்கியதும் தேறுமாயின், குறை எரிபொருட் பம்பியிலோ குழாயிலோ உள்ளது. தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருப்பினும் இவ்வாறே நேரும். காற்றடைப்பைச் சற்று இழுத்ததும் தேறுமாயின், காபரேற்றரின் நுண்துளையில் அழுக்கு உள்ளது.

கடற்கரையிற் சோதித்து வாங்கியவர் மலையில் மற்றொன்றையும் எதிர்பார்க்க வேண்டும். காசல்ரீ கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீற்றருக்கும் உயரத்தில் உள்ளது. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. காசல்ரீயிற் காற்றின் அடர்த்தி சுமார் பத்திலொரு பங்கும், நுவரெலியாவில் ஆறிலொரு பங்கும் குறைவு. எனவே எஞ்சினின் வலிமையும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். அமுக்கமானியும் கடலோரத்தைவிடத் தாழ்ந்தே காட்டும். கடல்மட்டத்துக்கென அமைந்த காபரேற்றர், குறைந்த காற்றுக்கு மிகுந்த பெற்றோலை ஊட்டுவதாற் புகையும் பிளக்கின் கருமையும் கூடும். இவை பழுதல்ல, உயரத்தின் விளைவு. காபரேற்றரின் துளைமணியைத் தக்கதாய் மாற்றுவதும், முறுக்கம் சற்றுக் குறைந்த சுழல்விசிறியைப் பூட்டுவதும் இதற்குப் பரிகாரம். ஆனால், காபரேற்றரை இவ்வாறு மாற்றிய எஞ்சினை மீண்டும் கடற்கரைக்குக் கொண்டு சென்றால், பெற்றோல் போதாமற் சூடேறிக் கெடும்; அப்போது பழைய அமைப்புக்குத் திருப்புதல் அவசியம்.

இத்தனை சோதனையிலும் தேறிய எஞ்சினும் என்றோ ஒருநாள் நிற்கக்கூடியதே. ஆகையால் இரண்டு துடுப்புகள், ஆளுக்கோர் உயிர்காப்பு அங்கி, ஒரு புதிய பிளக், அதனைக் கழற்றும் சாவி, கிளப்புவதற்கு ஒரு மேலதிகக் கயிறு ஆகியவை படகில் எப்போதும் இருத்தல் வேண்டும். எஞ்சின் தாங்கியிலிருந்து கழன்று ஆழத்தில் வீழாதபடி ஒரு சங்கிலியாலும் பிணைத்தல் தகும். காலையில் நீர் அமைதியாயிருப்பினும், மாலையிற் காற்று எழுந்து மூட்டம் இறங்கும் மலைநாட்டில், மாலைக்காகவே காலையில் ஆயத்தம் செய்தல் அறிவுடைமை. விலை பேசும் இடத்தில் ஒருமணி நேரம் பொறுமை காட்டியவர், நடுநீரிற் பொறுமையிழக்க நேராது.