உங்களுக்குத் தெரியுமா? மின்மினிகளுக்குத் தாளம் போட ஆளில்லை

ஜொகூர் மாநிலத்தின் கோத்தா திங்கியில் இரவுப் படகேறினால், ஆற்றோரச் சதுப்புநில மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒளிர்வதைக் காணலாம். டெரோப்டிக்ஸ் பேரினத்து ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னிப் பெண்ணை அழைக்கின்றன.

தலைவன் என்று ஒரு பூச்சியும் இல்லை. 1917-இல் 'சயன்ஸ்' இதழில் ஒருவர், இந்த ஒத்த மின்னல் பார்ப்பவரின் இமைத் துடிப்பால் வரும் மயக்கம் என்றே எழுதிவிட்டார்! 1960-களில் உயிரியலாளர் ஜான் பக் தம் மனைவி எலிசபெத்துடன் தாய்லாந்தில் பூச்சிகளைப் பிடித்து, பாங்காக் விடுதி அறையில் இருட்டில் பறக்கவிட்டார். சுவரில் அமர்ந்தவை சற்று நேரத்தில் பக்கத்துப் பூச்சிகளோடு சேர்ந்து மின்னின.

ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடிகாரம். அக்கம்பக்கத்து ஒளியைக் கண்டதும் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. அவ்வளவுதான். இப்படித் தலைவனின்றி வரும் ஒத்திசைவுக்குக் கணிதம் தேடியவர்கள் பல துறையினர். 1975-இல் ஜப்பானிய இயற்பியலாளர் குராமோட்டோ ஒரு மாதிரியைத் தந்தார். அதே ஆண்டு சார்ல்ஸ் பெஸ்கின் இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல்களுக்கு வேறொன்றை எழுதினார். பெஸ்கின் மாதிரியை விரிவாக்கிய மிரொல்லோவும் ஸ்ட்ரோகாட்ஸும், ஒன்றையொன்று 'பார்க்கும்' ஒரே மாதிரியான துடிப்பிகள் (தாளத்தோடு துடிப்பவை) எப்படித் தொடங்கினாலும் அநேகமாக எப்போதும் ஒத்திசைந்துவிடும் என 1990-இல் நிறுவினர்.