மரமாக நின்றவள் சொல்கிறேன்

தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்பில், ஆண்டு விழா நாடகத்தில் எனக்குக் கிடைத்த வேடம் மரம். பச்சை அட்டையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றேன். வசனமெல்லாம் நன்றாகப் பேசும் ஐந்து பேருக்குத்தான். பேசுவதே ஒருநாள் என் வேலையாகும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், நானும்தான்.

அண்மையில், குரல் பயிற்சி தருவதற்காகச் சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப்பள்ளித் தமிழ் வகுப்புக்குச் சென்றிருந்தேன். அன்றைய பாடம் கண்ணகி வழக்குரைத்த கதை. எல்லாரும் படித்திருந்தார்கள். ஆனால், கேள்வி கேட்டால் தலைகள் குனிந்தன. பலர் வீட்டில் ஆங்கிலமே பேசுபவர்கள்.

ஆசிரியர் நாற்காலி ஒன்றை நடுவில் போட்டார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அமர்ந்தார். "நான்தான் பாண்டிய மன்னன். என்ன கேட்கணுமோ கேளுங்க."

முதலில் சிரிப்பு. பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "விசாரிக்காம ஏன் தண்டனை கொடுத்தீங்க?"

"பொற்கொல்லன் சொன்னான், நம்பினேன்."

"அவன் சொன்னா போதுமா? சிலம்பை உடைச்சுப் பார்த்திருக்கலாமே!"

"உடைத்தால் என்ன தெரிந்திருக்கும்?"

அதுவரை வாய் திறக்காத ஒரு மாணவன் கடைசி வரிசையில் எழுந்தான். "ராணி சிலம்புல முத்து. கண்ணகி சிலம்புல... ரூபி..." திணறினான். "மாணிக்கம்" என்று பக்கத்தில் இருந்தவன் எடுத்துக்கொடுத்தான். "ஆமா, மாணிக்கம்! அப்பவே உண்மை தெரிஞ்சிருக்கும்!"

மன்னரிடம் பதில் இல்லை. வகுப்பே கைதட்டியது.

ஆசிரியரே பாத்திரமாக மாறிப் பாடம் நடத்தும் இம்முறையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் டோரதி ஹீத்கோட். இதற்கு மேடையோ ஒப்பனையோ மனப்பாட வசனமோ தேவையில்லை. எல்லாருக்கும் பேச ஒரு காரணம் கிடைக்கிறது. அந்த மாணவனுக்கு 'மாணிக்கம்' தேவைப்பட்ட நேரத்தில் வந்த சொல்.

2017 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து உரையாட வேண்டும். மனப்பாடம் அங்கே கொஞ்ச தூரம்தான் வரும். எங்கள் வானொலியிலும் அப்படித்தான். நேயர் அழைப்பில் வந்துவிட்டால் கையில் இருக்கும் தாள் உதவாது.

நாடகம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. அன்று மாணவர்கள் மன்னருக்கு எழுதிய கடிதங்களில் ஒற்றுப்பிழைகள் இருக்கத்தான் செய்தன. ஆனால், எழுத எதுவுமில்லை என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஆண்டு விழா வந்தால், "உனக்கு என்ன வேடம்?" என்று பிள்ளைகளைக் கேட்கிறோம். மற்ற நாள்களில், "இன்று தமிழ் வகுப்பில் நீ என்ன கேள்வி கேட்டாய்?" என்றும் கேட்டுப் பாருங்களேன்.