காமன் கூத்தும் கீழ்ப்படிதலின் எல்லையும்

கீழ்ப்படிதலும் தியாகமும் சமய அறத்தின் உச்சங்களாகப் போற்றப்படுவன. ஆயின் அவற்றுக்கு எல்லை உண்டா, உண்டெனின் அதனை வகுப்பவர் யாவர் என்ற வினா நம்மிடையே அதிகம் எழுப்பப்படுவதில்லை. பெரியபுராணத்தையே எடுத்துக்கொள்வோம். கண்ணப்பர் ஈந்தது தம் கண். சிறுத்தொண்டர் ஈந்ததோ மகன் சீராளனின் உயிர். இரண்டும் ஒரே பக்தியின் பாற்பட்டனவாகப் பாடப்படினும், முன்னையதில் கொடுப்பவரும் இழப்பவரும் ஒருவரே. பின்னையதில் உயிரிழப்பவன் வேறொருவன். இவ்வேறுபாட்டை மனங்கொண்டே மலையக மக்களின் காமன் கூத்தை நோக்குதல் வேண்டும்.

பதுளை, பசறை முதலான ஊவாப் பகுதிகள் உட்பட மலையகத் தோட்டங்களில் மாசி மாத வளர்பிறையில் கம்பம் நட்டு இக்கூத்து ஆடப்பட்டு வந்துள்ளது. தவத்தில் ஆழ்ந்த சிவனை எழுப்புமாறு தேவர்கள் காமனைப் பணிக்கின்றனர். ஓலை வருகிறது. இரதி தடுக்கிறாள். காமன் சென்று நெற்றிக்கண்ணால் எரிகிறான். அனுப்பிய தேவர்களுக்கு யாதொரு தீங்கும் இல்லை. பயன் அவர்களுக்கு, சாம்பலாவது ஏவப்பட்டவன்.

கச்சியப்பரின் கந்தபுராணத்தில் இந்நிகழ்ச்சி மேலும் தெளிவாக அமைந்துள்ளது. பிரமன் பணித்ததும் காமன் உடன்படவில்லை, மறுக்கின்றான். சபிப்பேன் என்று பிரமன் அச்சுறுத்திய பின்னரே இசைகின்றான். அச்சத்தால் பெறப்பட்ட இவ்விசைவைத் தியாகம் எனல் பொருந்துமா? கூத்தில் இவ்வினாவின் சுமை முழுவதும் இரதியின் மீது இறங்குகின்றது. அவள் புலம்பல் இறந்தவனுக்கான ஒப்பாரி மட்டுமன்று; எரித்த இறைவனிடம் நியாயம் கேட்கும் வழக்குமாகும்.

இவ்வழக்கு தோட்டத்து மக்களுக்கு அந்நியமானதன்று. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற படிவரிசையில் கட்டளைகள் மேலிருந்து இறங்கின. இழப்புகள் கீழேயே தங்கின. கங்காணியின் கடனோடு தொழிலாளரைப் பிணைத்து, அவர்களை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிந்தது. ஒரு தாளில் தம் வாழ்வு தீர்மானிக்கப்படக் கண்டவர்கள், காமனுக்கு வந்த ஓலையின் பொருளை உணர விளக்கவுரை வேண்டியதில்லை.

எனினும் இக்கூத்தைக் கலகக் கலையெனக் கொள்வது மிகையாகும். முடிவில் காமன் உயிர்ப்பிக்கப்படுகிறான். ஆனால் இரதியின் கண்ணுக்கு மட்டுமே புலப்படுவான் என்பது வரம். அநீதி திருத்தப்படவில்லை, துயரம் ஆற்றப்படுகிறது. மதத்தைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கெதிரான மறுப்பாகவும் ஒருங்கே கண்ட மார்க்சின் நோக்குக்கு இது தக்க சான்று. சடங்கு வினாவை எழுப்பும். விடையளிக்கும் ஆற்றல் அதற்கில்லை.

விடை களத்தில் தேடப்பட்டது. 1940இல், பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத்தில், சமசமாஜக் கட்சியின் தலைமையிலான தொழிற்சங்கப் போராட்டத்தின்போது, தொழிலாளர் தாமே தெரிவுசெய்த குழுவொன்றை அமைத்தனர். அக்குழுவுடன் கலந்தே செயற்படுவதாகத் தோட்டத்துரை இணங்க நேர்ந்தது. கட்டளையால் பாதிக்கப்படுவோருக்கு அதனை ஆராயும் உரிமையும் உண்டு என்ற கொள்கை இங்கு நடைமுறையாயிற்று. இரதிக்குக் கிட்டாத உரிமை அது.

இன்றும் மலையகத் தொழிலாளரின் ‘தியாகம்’ மேடைகளில் புகழப்படுகின்றது. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவு லயன் குடியிருப்புகளைப் புதைத்தது. அவ்விடத்தின் அபாயம் குறித்து முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அம்மரணங்களை விதியென்பதும், அம்மக்களின் உழைப்பைத் தியாகமென்பதும் ஒரே தருக்கத்தின் இரு முகங்களாம். கொடுக்க மறுக்கும் உரிமை இல்லாதவரிடமிருந்து பெறப்படுவதைத் தியாகம் என்றழைத்தல் தகாது. அது பறிப்பு. சமயமாயினும் அரசாயினும் தோட்ட நிருவாகமாயினும், கீழ்ப்படிதலைக் கோருவோர் முதலில் இவ்வேறுபாட்டுக்கு விடை கூறியாதல் வேண்டும்.